மூத்த கை

மாத்தளை, இலங்கை
19-1-2025

தம்பி ஐயம்பெருமாளுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கிழி.

போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இப்போது நானும் என் போனை மடத்தில் ஒப்படைத்துவிட்டேன். பயிற்சி முடியும்வரை கடிதம் மட்டும்தான். ஆக, சண்டையில் நாம் இரண்டு பேரும் சமமாகிவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து தலை மழித்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை நான் பத்து விதிகளை மட்டும் ஏற்றுக்கொண்ட பயிற்சித் துறவி. வருகிற ஜூன் பத்தாம் தேதி, போசன் பௌர்ணமியன்று, முழுப் பிக்குணியாக என்னைச் சேர்த்துக்கொள்ளச் சபை சம்மதித்திருக்கிறது. சேர்ப்பதற்கு முன்னால் சபை நடுவே நிறுத்திச் சில கேள்விகள் கேட்பார்கள். தீராத வியாதி உண்டா, யாருக்காவது அடிமையா என்று வரிசையாகப் போகும். அதில் ஒன்று: தாய் தகப்பனின் அனுமதி உண்டா?

அப்பா போய்விட்டார்கள். அம்மா இருக்கிறாள். அவள் வாய் திறந்து 'சரி' என்று சொல்லாவிட்டால் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். இடையில் வேறு குறுக்கு வழி எதுவும் கிடையாது.

தீபாவளிக்கு அனுமதி வாங்கி மடத்துப் போனில் அம்மாவிடம் கேட்டேன். "தம்பி சரின்னா எனக்கும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, இட்லிக்கு ஊறப்போட வேண்டும் என்று வைத்துவிட்டாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. எதையும் அவசரத்தில் கேட்கவில்லை.

விஜயஸ்ரீயையும் பிள்ளை சுப்ரஜாவையும் கேட்டதாகச் சொல்.

அக்கா
சண்முகசுந்தரி


சேரன்மகாதேவி
8-2-2025

அக்கா,

கிழிக்கவில்லை. விஜயஸ்ரீ என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் பழைய கணக்கைத் தீர்ப்போம். 2023 டிசம்பரில் ஆற்றுவெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். தண்ணீர் வடிந்தபிறகு சேற்றை அள்ளியது உன் தம்பி பெண்டாட்டி விஜயஸ்ரீ. நீ அங்கே கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாயா? அந்த வெள்ளத்தில்தான் நம் மருதடி சாஸ்தாவும் போனார். மரம் வேரோடு போயிற்று, பீடம் போயிற்று, பீடம் இருந்த மேடும் ஆள் உயரத்துக்கு அரித்துப் போயிற்று. போன பங்குனி உத்திரத்துக்கு வெறும் மணலில் நின்று கும்பிட்டோம். நம் வீட்டுக்குக் குலசாமி இருந்த இடத்தில் ஆற்று மணல் கிடந்ததைப் பார்த்து அம்மா அழுத அழுகை உனக்குத் தெரியாது.

இப்போது உன் விஷயம். நான் நீர்வளத்துறை என்ஜினீயர், உன்னை மாதிரி சரித்திர வாத்தியார் இல்லை. ஆனாலும் வாசிக்கத் தெரியும். பத்து நாளாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதைத்தான் வாசித்தேன். உங்கள் ஆட்களே உன்னை ஒத்துக்கொள்ளவில்லையாமே? பிக்குணிப் பரம்பரை அந்தத் தீவில் ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே அறுந்து போய்விட்டதாம். உங்கள் பெரிய பிக்குகள் பலர் 'அறுந்தது அறுந்ததுதான்' என்கிறார்களாம். நீங்கள் தைவானில் போய், மகாயானக்காரர்களிடம் வாங்கிக்கொண்டு வந்து, எங்களுடையதும் அசல்தான் என்கிறீர்களாம்.

முதலில் உங்களுக்குள்ளே எத்தனை பிரிவு! கொம்பில் உப்பை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதில் ஆரம்பித்துப் பதினெட்டுக் கிளை. அப்புறம் யானம் என்று பெரிய வண்டி, சின்ன வண்டி, வைர வண்டி. ஆசையை விட்டவர்கள் இப்படியா அடித்துக்கொள்வார்கள்?

அசல் இல்லாத ஒன்றுக்கு நம் அம்மா எதற்காகச் சம்மதம் கொடுக்க வேண்டும்? உன்னை மொட்டைத் தலையோடு கற்பனை பண்ணவே என்னால் முடியவில்லை. இதுதான் உண்மை. போதுமா?

சாஸ்தா இடத்தில் நானே ஜேசிபி வைத்து மேடு போட்டுவிட்டேன். பீடம் கட்டுகிறோம். உத்திரத்துக்கு வந்தால் பார்.

ஐயம்பெருமாள்


மாத்தளை
27-2-2025

தம்பிக்கு,

வெள்ளத்துக்கு நான் வராதது தப்புதான். வந்திருக்க வேண்டும். பயிற்சியை விட்டு நகரக்கூடாது என்று நானே கெடுபிடி பண்ணிக்கொண்டேன். நீ திட்டியதில் அந்தப் பகுதியை அப்படியே வாங்கிக்கொள்கிறேன்.

மற்றதை வாங்கிக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் பாடம் நடத்தியவளிடம் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து வாதம் பண்ணுகிறாய். உட்கார், சொல்கிறேன்.

உப்புக் கதை நிஜம். புத்தர் போய் நூறு வருடம் கழித்து, வைசாலித் துறவிகள் சிலர் கொம்புக்குள் உப்பைச் சேர்த்து வைத்தார்கள். உச்சி சாய்ந்து நிழல் இரண்டு விரற்கடை நீண்டபிறகும் சாப்பிட்டார்கள். பொன்னும் வெள்ளியும் கைநீட்டி வாங்கினார்கள். கண்டிப்பான துறவிகள் ஒரு கூட்டம் கூட்டி எல்லாவற்றையும் கூடாது என்று தீர்த்தார்கள். அதற்குக் கொஞ்ச காலத்தில் சங்கம் இரண்டாயிற்று. மூத்தோர் வழி என்று ஒன்று, பெருங்கூட்டத்தார் என்று ஒன்று. பிரிந்ததற்கு உப்புதான் காரணமா வேறா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். நீ சிரிக்கிறாய். நம் தாத்தாவும் அவர் தம்பி ஆழ்வார்குறிச்சித் தாத்தாவும் எதற்காகப் பிரிந்தார்கள்? சாஸ்தா பொங்கலில் உடன்குடிக் கருப்பட்டி போடுவதா, வெல்லம் போடுவதா என்றுதானே? அவர்களாவது நூறு வருடம் பொறுத்தார்கள். நம் ஆட்கள் பொங்கல் இறக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

மகாயானம் ஒருநாள் காலையில் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனதில்லை. ஒரே விகாரையில் ஒருவர் பழைய சூத்திரங்களைப் படிப்பார். அடுத்த அறைக்காரர், எல்லா உயிரும் கரையேறுகிறவரை நானும் ஏற மாட்டேன் என்று சபதம் எடுத்திருப்பார். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சீனத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் அதில் ஒரு பகுதி மந்திரமும் மண்டலமுமாகத் திபெத்துக்குப் போயிற்று. இன்னொன்று சீனாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஜப்பானுக்குப் போய் ஜென் ஆயிற்று. தெற்கே வந்த மூத்தோர் வழிதான் இந்தத் தீவில் நிலைத்த தேரவாதம். வடக்கே இருந்தவர்கள் இந்தக் கிளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? தாம்ரபர்ணீயர். இந்தத் தீவுக்கும் நம் ஆற்றுக்கும் பழைய பெயர் ஒன்றேதான். நான் ஒன்றும் அந்நியர் வீட்டுக்கு வந்துவிடவில்லை.

இப்போது உன் தைவானுக்கு வருகிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் இந்தத் தீவின் பிக்குணிகள் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார்கள். அங்கே பெண்களுக்குச் சபை கூட்டி முறையாகத் துறவு கொடுக்க ஆள் போதாமல் இருந்தது. இவர்கள் போய்க் கொடுத்தார்கள். அதற்கு அறுநூறு வருடம் கழித்து நம் சோழன் படை இங்கே வந்தது. அந்தக் குழப்பத்தோடு இங்கே பிக்குணிகளின் வரிசை காணாமல் போயிற்று. ஆமாம், நம் ஆட்கள் காலத்தில்தான். ஆனால் சீனாவுக்குப் போனது அங்கே விடாமல் நடந்தது. அந்தப் பெண்கள் மனதால் மகாயானிகள். ஆனால் மழித்துச் சேர்க்கும் விதிகள் தர்மகுப்தர் என்ற பழைய கிளையின் விதிகள். அதுவும் மூத்தோர் வழியிலிருந்து பிரிந்ததுதான். 1998-இல் புத்தகயையில் அந்த வரிசைப் பிக்குணிகள் தைவானிலிருந்து வந்து இலங்கைப் பெண்களைச் சேர்த்தார்கள். போனது திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

ஒத்துக்கொள்ளாத பெரிய பிக்குகளின் வரிசை மட்டும் அறாமல் வந்ததா? அதுவும் அறுந்தது. ஒரு தடவை பர்மாவிலிருந்து வாங்கினார்கள். 1753-இல் சயாமிலிருந்து வாங்கினார்கள். சயாமுக்கு அதைக் கொடுத்ததே ஒரு காலத்தில் இலங்கைதான்.

இது உனக்கா புரியாது? பிடிமண் எடுக்காத குடும்பம் நம் பக்கத்தில் உண்டா? தாய்க்கோயிலில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போய் வேறு ஊரில் வைத்தால் அங்கேயும் அதே சாமிதான் என்று கும்பிடுகிறோம். ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துப்போன மண்ணில் நம் சாஸ்தாதான் இருக்கிறார். சீனாவில் இருந்ததும் அப்படித்தான்.

அக்கா


சேரன்மகாதேவி
17-3-2025

அக்கா,

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஆழ்வார்குறிச்சியை இழுத்தாய் பார், அங்கே கெட்டது.

அவர்கள் மண் எடுத்துப் போனார்கள், உண்மை. யாரைக் கேட்டு எடுத்தார்கள்? தாத்தா பந்தியில் இருந்தபோது பின்பக்கமாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். எழுபது வருடமாக நாம் அதை என்ன சொல்கிறோம்? வெல்லச் சாஸ்தா. கல்யாண வீட்டிலும் சாவுத் துட்டி வீட்டிலும் அவர்களைப் பார்த்தால் பேசுகிறோம், அந்தக் கோயில் வாசலை மட்டும் மிதிப்பதில்லை. இன்று நீ அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கிறாய். உன் தைவான் அசல் என்று நான் ஒத்துக்கொண்டால் ஆழ்வார்குறிச்சியையும் அசல் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். உனக்கு வாதத்தில் கெட்டிக்காரத்தனம் ஜாஸ்தி. அப்பா அதனால்தான் உன்னை வக்கீலுக்குப் படிக்கச் சொன்னார்கள்.

சயாமிலிருந்து வாங்கினார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, வாங்கிவந்த கையோடு உயர்சாதிக்காரர்களை மட்டும்தான் சேர்ப்போம் என்று கதவைச் சாத்தினார்களாமே? மற்ற சாதிக்காரர்கள் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய்த் தனியாக வாங்கி வந்தார்களாமே? அதை ஏன் எழுதவில்லை? இங்கே இருக்கிற சாதி போதாதென்றா கடல் தாண்டிப் போனாய்?

என் பதில்: முடியாது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பீடம் நன்றாக வந்திருக்கிறது. செம்மண் நிரப்பி இறுக்கி அடித்திருக்கிறேன். இனி எந்த வெள்ளமும் அசைக்காது.

ஐயம்பெருமாள்


மாத்தளை
2-4-2025

தம்பிக்கு,

சாதி விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் நிஜம். வெட்கக்கேடுதான். எழுதாமல் விட்டது எனக்குச் சௌகரியமாக இருந்ததால்தான். எங்கள் மடத்தில் அது இல்லை, ஆனால் இந்தத் தீவில் இருக்கிறது.

உன் 'முடியாது'வைப் படித்தேன். அன்றைக்கு முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. வாசல் பெருக்கும்போது ஒரே இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன் என்று கூட இருந்தவள் சொன்னாள். இரண்டு வருடமாக நான் எவ்வளவு ஆசையோடு இந்த நாளுக்காகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆசையை விட வந்த இடத்தில் இப்படி ஒரு ஆசை. நீ கிண்டல் பண்ணலாம்.

ஆனால் கெஞ்ச மாட்டேன். அம்மா மாட்டேன் என்றால் நான் இப்படியே பயிற்சித் துறவியாகச் சாகிறவரை இருப்பேன். வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். அந்த எண்ணம் உனக்கு இருந்தால் விட்டுவிடு.

ஒன்றே ஒன்று. இதுவரை அம்மா எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீதான் சொல்லியிருக்கிறாய். சம்மதமோ மறுப்போ, அம்மா வாயிலிருந்து வர வேண்டும்.

உத்திரம் நல்லபடியாக நடக்கட்டும்.

அக்கா


சேரன்மகாதேவி
15-4-2025

அக்கா,

சாமி வரவில்லை.

உத்திரத்தன்று எல்லாம் முறையாக நடந்தது. வில்லுப்பாட்டு, மேளம், படைப்பு, கருப்பட்டிப் பொங்கல். சாமியாடி பூதத்தான் குளித்து வந்து பீடத்துக்கு முன்னால் நின்றார். மேளம் அடித்தார்கள், அடித்தார்கள், அடிக்கிறவர்கள் கை ஓய்ந்தது. அவர் நின்றது நின்றபடி நிற்கிறார். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, இங்கன யாரும் இல்ல. நான் யார ஆட?"

எல்லோர் முன்னாலும், அக்கா. அறுபது வீட்டுப் பங்காளிகள் முன்னால்.

அப்புறம் ஆளாளுக்கு விசாரணை. மேடு போட்ட மண் எங்கே எடுத்தது என்றார்கள். வடக்கே ஒரு காட்டில் இருந்து லாரியில் கொண்டுவந்த செம்மண் என்றேன். "ஏலே, ஊரான் மண்ணுல நம்ம சாமி எப்படிலே உக்காரும்?" என்றார் ஒரு பெரியவர். மண்ணின் தாங்குதிறனைச் சோதித்தேன், ஈரப்பதத்தைச் சோதித்தேன், இதை யோசிக்கவில்லை. பழைய மண் ஒரு பிடியாவது கிடைக்குமா என்று தோண்டிப் பார்த்தோம். ஆறு எதையும் விட்டு வைக்கவில்லை.

இருக்கிறது ஒரே இடத்தில்தான். உனக்குத் தெரியும் எங்கே என்று. சிரித்துக்கொள்.

நேற்று ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். பலவேசம் சித்தப்பாதான் இப்போது அந்த வீட்டுக்குப் பெரியவர். கடனா நதிக்கரையில் கோயிலை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எப்படிக் கேட்டேன் என்று எழுத மாட்டேன். கேட்டேன்.

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பார்க்க வேண்டுமே. ஆனால் குத்திக்காட்டவில்லை. "தாராளமா எடுத்துக்கிடு. நாங்க தராம யாரு தருவா?" என்றார். அப்புறம் சொன்னார்: "ஆனா மொற ஒண்ணு இருக்குல்லா. ஒங்க வீட்டுல பொறந்து, ஒங்க வீட்டுலயே இருக்கிற மூத்த கை அள்ளணும். ஆம்பள பொம்பள கணக்கு இல்ல. ஒங்க அக்கா எங்க?"

துறவியாகப் போய்விட்டாள் என்றேன்.

"கெட்டிக்குடுத்தியளா?"

இல்லை.

"அப்பம் அவ ஒங்க வீட்டுப் பொண்ணுதானவே. அவ வந்து அள்ளட்டும். இல்ல, அவ இந்த வீட்டு ஆளு இல்லன்னா, பெத்தவ வந்து எங்கிட்ட சொல்லட்டும். பொறவு நீ அள்ளு."

இதில் ஒரு வழி இருக்கிறது, அக்கா. நீ வா. ஒரு பிடி மண், அவ்வளவுதான். வைகாசிக்குள் வந்து அள்ளிக் கொடுத்துவிட்டுப் போ. அம்மாவிடம் நானே பேசி சம்மதம் வாங்கித் தருகிறேன். சத்தியமாக. ஜூனுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஐயம்பெருமாள்


மாத்தளை
1-5-2025

தம்பிக்கு,

நான் சிரிக்கவில்லை. பூதத்தான் சொன்னதைப் படித்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. நீ அத்தனை பேர் முன்னால் நின்றதை நினைத்தேன்.

ஆழ்வார்குறிச்சி வாசலை மிதித்தாய் பார், அது பெரிய காரியம். தாத்தா செய்யாதது, அப்பா செய்யாதது.

ஆனாலும் நான் வர மாட்டேன்.

சாமி கும்பிடுவது தப்பு என்பதால் அல்ல. இங்கே விகாரைகளுக்குப் பக்கத்திலேயே சாமி கோயில் இருக்கிறது, பல இடங்களில் முருகனே இருக்கிறார். வெறும் மண் அள்ளுவதுதான் காரியம் என்றால் ஓடி வந்திருப்பேன். சித்தப்பா கேட்டது அதை அல்ல. 'இந்த வீட்டிலேயே இருக்கிற கை' என்று கேட்கிறார். நான் வந்து அள்ளினால், 'ஆமாம், நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன்' என்று சாஸ்தா முன்னால் சொன்னதாக ஆகும். அடுத்த மாதம் சபை நடுவில் நின்று, 'அம்மா என்னை விட்டுக் கொடுத்துவிட்டாள்' என்று சொல்வேன். இரண்டில் ஒன்று பொய். குலசாமியிடம் பொய் சொல்லி அள்ளிய மண்ணை வைத்து நீ என்ன பண்ணுவாய்? மறுபடியும் பூதத்தான் நின்றபடி நிற்பார்.

நீ எனக்குச் சம்மதம் வாங்கித் தருகிறேன் என்கிறாய். பண்டமாற்றாக வருகிற சம்மதம் எனக்கு வேண்டாம்.

சித்தப்பா சொன்ன இரண்டாவது வழியைப் பார். அதை ஏன் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போனாய்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. காரில் போகும்போது எதையும் சொல்லிக் கொடுக்காதே. சித்தப்பா கேட்கட்டும், அம்மா சொல்லட்டும். சுந்தரி இன்னும் என் வீட்டுப் பெண்தான் என்று அவள் சொன்னால், உனக்கு மண் கிடைக்காது, எனக்குப் பிக்குணிப் பட்டம் கிடைக்காது. இல்லை என்றால் இரண்டு பேருக்கும் கிடைக்கும். அம்மா ஒரு பதில்தான் சொல்ல முடியும். எந்தப் பதிலானாலும் அதுவே எனக்கும் பதில். இதற்கு மேல் நான் அம்மாவிடம் கேட்க மாட்டேன். உன்னிடமும்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் இதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா


சேரன்மகாதேவி
22-5-2025

அக்கா,

விரைவுத் தபாலில் போடுகிறேன். உன் எண்ணையும் போனில் விடுவித்துவிட்டேன். மடத்தில் கேட்டு ஒரு தடவை கூப்பிடு, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீ எழுதிய மாதிரிதான், இரண்டாவது வழியை நான் வேண்டுமென்றேதான் தாண்டிப் போனேன். அந்த வார்த்தையை அம்மா சொல்லிக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. நீ இல்லாத வீட்டில் மூத்தவன் என்று நிற்க எனக்கு இஷ்டமில்லை. மொட்டைத் தலை, தைவான், உப்பு எல்லாம் சும்மா. எனக்கு இதுதான்.

ஆனால் மேட்டில் பீடம் காலியாக நிற்கிறது. போகிற வருகிற பங்காளி எல்லாம் கேட்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் காரில் ஏற்றினேன். எங்கே என்றாள். ஆழ்வார்குறிச்சி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் போய் அந்த அரக்குப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நீ சொன்னபடி.

சித்தப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். எழுபது வருடத்தில் நம் வீட்டுப் பொம்பளை ஒருத்தி அந்த வாசலுக்கு வந்தது அன்றுதான். உட்காரச் சொன்னார்கள். அம்மா உட்காரவில்லை.

"மதினி, மொறைக்குக் கேக்கேன், தப்பா நெனைக்காதீய. ஒங்க வீட்டுல பொறந்து, ஒங்க வீட்டுல இருக்கிற மூத்தது யாரு?"

அம்மா என்னைக் காட்டினாள். "இவன்தான்."

"அப்பம் சுந்தரி?"

"அவளக் குடுத்தாச்சு."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. "குடுத்தாச்சா? எங்களுக்குச் சொல்லவே இல்லியே?"

அக்கா, அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அங்கே இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எம் மவளக் கெட்டிக்குடுக்கலியா, கெட்டிக்குடுக்கலியான்னு முப்பது வருசமா கேட்டிய. கல்யாண வீட்டுல கேட்டிய, எங்க அவுக செத்த துட்டி வீட்டுலகூட கேட்டிய. நான் பதில் சொல்ல முடியாம தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவேன். இந்தா, இப்பம் எல்லாரும் கேளுங்க. எம் மவளக் குடுத்திட்டேன். கடலுக்கு அங்கிட்டு, பெரிய வீடு. அவளே பாத்துப் புடிச்ச எடம். நான் மனசோட குடுத்திட்டேன்."

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அப்புறம், "நல்லா இருக்கட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "ஏலே, இனி நீதாம்லே மூத்த கை. அள்ளு" என்றார்.

அள்ளினேன். மஞ்சள் துணியில் முடிந்து அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு வண்டி ஓட்டக் கண் தெரியவில்லை. வீரவநல்லூர் தாண்டியதும் அம்மா துணி முடிச்சை இறுக்கிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "பொண்ணக் குடுத்தா சீர் கொண்டு போவணும்லா? அங்கன என்ன குடுப்பாவ?"

அதற்குத்தான் கூப்பிடச் சொல்கிறேன். ஒரு பிச்சைப் பாத்திரம், ஐந்து ஆடை என்று வாசித்தேன். சரிதானா? பாத்திரம் இரும்பா மண்ணா? துணி என்ன நிறம், எத்தனை முழம்? இங்கே கிடைக்காதென்றால் கொழும்பில் வாங்கிக்கொள்வேன். ஆனால் நம் வீட்டுச் சீராகத்தான் வர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். விஜயஸ்ரீ, பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று ஏதோ பலகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். உச்சிக்கு முன்னால் சாப்பிட்டுவிடு.

சாமி வந்ததா என்று கேட்காதே. மண் வைப்பது ஆனி மாதத்தில்தான். ஆழ்வார்குறிச்சிக்காரர்களும் வருகிறார்கள். கருப்பட்டியா வெல்லமா என்று இப்போதே முணுமுணுப்பு கேட்கிறது.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. நான் மட்டும் எட்டாம் தேதி வருகிறேன். சபைக்குள் என்னை விட மாட்டார்களாமே, வெளியேதான் நிற்க வேண்டுமாமே. நிற்கிறேன். அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பார்கள் இல்லையா, அனுமதி உண்டா என்று? வாய்க்குள் முணுமுணுக்காதே. சத்தமாகச் சொல். அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், எனக்குக் கேட்க வேண்டும்.

தம்பி
ஐயம்பெருமாள்